வித்தியாசமான டைவிங் ஃபின்ஸ்: சென்னைல இருந்து கடலுக்கு இறங்குறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

நீலாங்கரை, கோவளம், பாண்டிச்சேரினு வாராவாரம் இல்லைனாலும் மாசத்துக்கு ரெண்டு தடவையாவது கடலுக்குள்ள இறங்குற ஆள் நான், வருஷத்துக்கு ஒரு தடவை அந்தமான். வலது முட்டியில பழைய அடி ஒண்ணு இருக்கு, அதனால ஃபின்ஸ், அதாவது கால்ல மாட்டிக்கிட்டு நீந்துற துடுப்பு விஷயத்துல நிறைய மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாச்சு. படகுல நான் பையைத் திறந்து ஃபின்ஸை வெளிய எடுத்தாலே பக்கத்துல இருக்கிறவங்க "இது என்னங்க, நடுவுல கிழிஞ்சிருக்கு", "இது என்ன இவ்ளோ குட்டியா இருக்கு"னு கேட்க ஆரம்பிச்சிடுறாங்க. கேட்டதெல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சா எல்லாருக்கும் உதவும்னு தோணுச்சு.

வித்தியாசமான ஃபின்ஸ்னா எதெல்லாம்?

சாதாரண ஃபின்ஸ்னா படகுத் துடுப்பு மாதிரி ஒரே தகடா, ஓரளவு விறைப்பா இருக்கிறது, வாடகைக்குக் குடுக்கிறது பெரும்பாலும் இதுதான், பேடில் ஃபின்ஸ்னு சொல்லுவாங்க. அதுல இருந்து விலகிப் போறதெல்லாம் வித்தியாசமானதுனு வெச்சுக்கலாம். பிளேடு, அதாவது அந்தத் தகடு, நடுவுல பொளந்து ரெண்டா இருக்கிற ஸ்பிலிட் ஃபின்ஸ், கால் விரல் வெளிய தெரியுற மாதிரி குட்டையா மேல் நோக்கி வளைஞ்ச ஃபோர்ஸ் ஃபின், பிளேடும் பாதமும் சேர்ற இடத்துல கீல் மாதிரி மடங்குற வகை, நடக்குறப்போ பிளேடை மேல மடக்கி வெச்சுக்கிற வகை, சிலிண்டர் இல்லாம மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறங்குற ஃப்ரீடைவர்ஸ் போடுற நீள பிளேடு, ரெண்டு காலையும் ஒண்ணா மாட்டுற மோனோஃபின்.

இன்னைக்கு வித்தியாசமா தெரியுறது நாளைக்கு சாதாரணம் ஆயிடும், அதையும் சொல்லணும். பிரான்ஸ்ல லூயி டி கோர்லியூ 1933-ல ரப்பர் ஃபின்ஸுக்கு பேட்டன்ட் வாங்கினப்போ ஃபின்ஸ்ங்கிறதே புதுசு. அமெரிக்கால ஓவன் சர்ச்சில் 1940-ல விற்க ஆரம்பிச்சார். 1960-கள்ல ஓட்டை போட்ட கனமான ரப்பர் ஜெட் ஃபின் வந்தப்போ அதுவும் விசித்திரம்தான், இப்போ அதுதான் குகை, கப்பல் உடைசல்னு கஷ்டமான டைவ் போற டெக்னிக்கல் டைவர்ஸோட காலுக்கு யூனிஃபார்ம் மாதிரி ஆயிடுச்சு.

பிளேடு வடிவத்துல அப்படி என்ன வித்தியாசம் வந்துடப் போகுது, எல்லாம் தண்ணியத் தள்ளுறதுதானே?

காசிமேட்டுல மீன் வாங்கப் போறப்போ ஒரு தடவை வாலை மட்டும் பாருங்க. களவா மீனோட வால் விசிறி மாதிரி அகலமா உருண்டையா இருக்கும். பாறை இடுக்குல பதுங்கி இருந்து ஒரே பாய்ச்சல்ல இரையைப் பிடிக்கிற மீன் அது, திடீர்னு கிளம்பவும் சின்ன இடத்துல திரும்பவும் அந்த வால்தான் அதுக்கு சரி. சூரை வாலைப் பாத்தீங்கன்னா பிறை நிலா மாதிரி, ஒடுக்கமா, விறைப்பா, நடுவுல நல்லா உள்வாங்கி இருக்கும். அது நாள் முழுக்க நிக்காம ஓடுற மீன், குறைஞ்ச செலவுல ரொம்ப தூரம் போறதுக்கான வால் அது.

ஃபின்ஸும் கிட்டத்தட்ட இப்படித்தான். அகல விறைப்பு பிளேடு ஒவ்வொரு உதைக்கும் நிறைய தண்ணியத் தள்ளும், ஆனா அதுக்கான சக்தி உங்க தொடையில இருந்து, முட்டி வழியா, கணுக்கால் வழியா போகணும். ஸ்பிலிட் ஃபின்ல உதைக்கிறப்போ ரெண்டு பாதியும் லேசா முறுக்கிக்கிட்டு தனித்தனி இறக்கை மாதிரி வேலை செய்யும், தண்ணி நடுவுல வழுக்கிப் போயிடும், அதனால காலுக்கு எதிர்ப்பு கம்மி. எதிர்ப்பு கம்மினா ஒரு உதைக்கு கிடைக்கிற தள்ளலும் கம்மியாத்தான் இருக்கும், அதை வேகமா, சின்ன சின்னதா நிறைய தடவை உதைச்சு ஈடு கட்டணும். இதைப் புரிஞ்சுக்காம ஸ்பிலிட் ஃபின்ஸ் போட்டுக்கிட்டு பேடில் ஃபின் மாதிரியே பெருசா காலை வீசி உதைச்சிட்டு "ஒண்ணுமே நகரல, காசு வேஸ்ட்"னு சொல்றவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். தப்பு பெரும்பாலும் ஃபின்ஸ்ல இல்ல, உதைக்கிற விதத்துலதான்.

எனக்கு முட்டி வலி இருக்கு, ஸ்பிலிட் ஃபின்ஸ் வாங்கலாமா?

முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, டைவிங் போறேன்னு சொல்லிட்டே காட்டுங்க. அதுக்கப்புறம் என் அனுபவத்தைக் கேட்டா, ஆமா, எனக்கு ரொம்ப உதவுச்சு. விறைப்பான ஃபின்ஸோட ரெண்டு டைவ் முடிச்சு படகு ஏணியில ஏறுறப்போ முட்டி குத்தும், சாயங்காலம் வீட்டு மாடிப்படி ஏற முடியாது. ஸ்பிலிட்டுக்கு மாறினப்புறம் அந்த வலி பெருமளவு குறைஞ்சது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதும் குறைஞ்சது. அமெரிக்காவுல பீட் மெக்கார்த்தி கண்டுபிடிச்ச டிசைனை 1990-களோட கடைசியில அப்பல்லோ, ஸ்கூபாப்ரோ, அட்டாமிக்னு வேற வேற கம்பெனிங்க உரிமை வாங்கிப் போட ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம்தான் இது உலகம் முழுக்கப் பரவினது. அம்பது வயசுக்கு மேல டைவிங் கத்துக்க வர்றவங்க, கால்ல சர்ஜரி ஆனவங்க, ரொம்ப நாள் கழிச்சு திரும்ப வர்றவங்க, இவங்களுக்கெல்லாம் நான் தைரியமா சொல்லுவேன்.

உதைக்கிறது இடுப்புல இருந்து வரணும், முட்டி லேசா தளர்வா இருக்கணும், வீச்சு சின்னதா இருக்கணும், உடம்பு அகலத்தைத் தாண்டி கால் மேலயும் கீழயும் போகக்கூடாது. அவ்ளோதான் டெக்னிக்.

அப்புறம் ஏன் என் இன்ஸ்ட்ரக்டர் ஸ்பிலிட் ஃபின்ஸே கூடாதுன்னு சொல்றார்?

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, இதை மறைச்சு ஃபின்ஸ் வாங்கச் சொன்னா அது நேர்மை இல்ல. ஸ்பிலிட் ஃபின்ஸ் நேரா முன்னாடி போறதுக்கு செஞ்சது. தவளை மாதிரி காலை விரிச்சு உதைக்கிற ஃப்ராக் கிக், இருந்த இடத்துலயே சுத்துற ஹெலிகாப்டர் டர்ன், பின்னாடி போற பேக் கிக் இதெல்லாம் பண்ணணும்னா பிளேடு விறைப்பா நின்னு தண்ணியப் பிடிக்கணும், ஸ்பிலிட் பிளேடு வளைஞ்சு விட்டுக்குடுத்துடும். ஃப்ராக் கிக் ஓரளவு வரும், பேக் கிக் கிட்டத்தட்ட வரவே வராது. குகைக்குள்ள, கப்பல் உடைசலுக்குள்ள போறவங்களுக்கு அது உயிர் விஷயம். ஜி.யூ.இ.ங்கிற டைவிங் பயிற்சி அமைப்போட உபகரண விதியிலயே ஃபின்ஸ் விறைப்பா, பிளவு இல்லாம இருக்கணும்னு இருக்கு. ஆனா ஓப்பன் வாட்டர் மாதிரி ஆரம்ப கோர்ஸுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

எனக்கு நடந்த ஒண்ணைச் சொல்றேன். கோவளம் பக்கம் ஒரு டைவ், அடியில பூரா மண்ணும் சேறும் கலந்த தரை. நான் தரைக்கு ரொம்ப பக்கத்துல, ஸ்பிலிட் ஃபின்ஸ்ல சின்ன சின்னதா வேகமா உதைச்சுக்கிட்டே போயிட்டேன். ரெண்டே நிமிஷம், திரும்பிப் பாத்தா எனக்குப் பின்னாடி பூரா சேத்துப் புகை, என் பட்டி (buddy, கூட ஜோடியா டைவ் பண்றவர்) எங்கனே தெரியல. சுத்தி தேடிட்டு, விதிப்படி மேல வந்து, அவரும் மேல வந்து, ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தோம், ஆனா அந்த ஒரு நிமிஷம் வயித்தைப் பிசைஞ்சது இன்னும் ஞாபகம் இருக்கு. அன்னைக்கு விறைப்பான ஃபின்ஸ் போட்டு ஃப்ராக் கிக் பண்ணியிருந்தா தண்ணி பின்னாடி போயிருக்கும், கீழ மண்ணைக் கிளப்பியிருக்காது. இப்போ தரையில இருந்து ஒரு ஆள் உயரமாவது மேல இருப்பேன், சேத்துத் தரைன்னு தெரிஞ்சா ஸ்பிலிட்டை வீட்டுலயே வெச்சிட்டு வந்துடுவேன்.

இன்னொண்ணு, நம்ம கடல்ல பாறைலயும் செயற்கைத் திட்டுலயும் அறுந்த வலை, தூண்டில் நரம்பு நிறைய சிக்கியிருக்கும். ஸ்பிலிட் ஃபின்ஸோட பிளவுல நரம்பு உள்ள போய் மாட்டிக்கும், ஸ்ட்ராப்போட நீட்டிக்கிட்டு இருக்கிற வால்லயும் மாட்டும். ஸ்ட்ராப் வாலை உள்பக்கம் மடிச்சு விடுங்க, கையெட்டுற இடத்துல ஒரு லைன் கட்டர் வெச்சுக்கோங்க. எந்த ஃபின்ஸ் போட்டாலும் இது பொருந்தும்.

அந்தக் குட்டை ஃபின்ஸ், ஃபோர்ஸ் ஃபின், அது நிஜமாவே வேலை செய்யுதா?

செய்யுது. கலிஃபோர்னியாவுல சான்டா பார்பரால இருக்கிற பாப் எவன்ஸ் 1980-கள்ல கொண்டு வந்தது, பாலியூரித்தேன்ல வார்த்தது. பாக்க நம்ம சூரை வால் மாதிரிதான் நடுவுல வெட்டி ரெண்டு முனையா இருக்கும். கீழ உதைக்கிறப்போ பிளேடு பிடிச்சுத் தள்ளும், காலை மேல தூக்குறப்போ மடங்கி வழி விட்டுடும், அதனால திரும்ப காலைத் தூக்குற வேலை கிட்டத்தட்ட சும்மாதான். கால் விரல் வெளிய இருக்கிறதால விரல் நெருக்குறதே கிடையாது, குட்டையா இருக்கிறதால படகுல நாலு அடி நடந்தாலும் தடுக்கி விழ மாட்டீங்க.

பிரச்சனை என்னன்னா முதல் டைவ்ல ஃபின்ஸே போடாத மாதிரி இருக்கும். கால்ல எடையே தெரியாது, மனசு "நகரல, நகரல"ன்னு சொல்லும், ஆனா கீழ பாத்தா பாறை பின்னாடி போயிட்டே இருக்கும். எனக்கு நாலஞ்சு டைவ் ஆச்சு நம்புறதுக்கு. விலை அதிகம், நம்ம ஊர் கடைல கிடைக்கிறது அபூர்வம், வெளிநாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்க யார்கிட்டயாவது சொல்லி வாங்கினாத்தான் உண்டு, அப்போ அளவு போட்டுப் பாக்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே எல்லாருக்கும் நான் இதை சொல்றதில்ல.

ஃப்ரீடைவிங் நீள ஃபின்ஸை ஸ்கூபாவுக்குப் போடலாமா? மோனோஃபின்?

நீள பிளேடு போட்டு நேரா நீந்தினா சுகமா இருக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா திட்டுப் பக்கத்துல திரும்புறப்போ பிளேடு நுனி எங்க இருக்குனு உங்களுக்கே தெரியாது, பவளத்துல இடிக்கும். பவளம் ஒரு சென்டிமீட்டர் வளரவே எத்தனையோ மாசம் ஆகும், ஒரு உதைல அது போயிடும். படகுல மத்தவங்க சிலிண்டருக்கு நடுவுல கார்பன் பிளேடு மாட்டி விரிசல் விடுறதும் சகஜம். அதனால ஸ்கூபாவுக்கு வேணாம்.

மோனோஃபின் ஸ்கூபாவுக்கு கண்டிப்பா வேணாம். ரெண்டு காலும் ஒண்ணா கட்டியிருந்தா திரும்பவும் முடியாது, பட்டிக்கு உதவவும் முடியாது. அதை நீச்சல் குளத்துல, தெரிஞ்ச கோச் பக்கத்துல இருக்கிறப்போ கத்துக்கோங்க, இடுப்புக்கும் வயித்துக்கும் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

சென்னை, பாண்டி கடலுக்குன்னு பாத்தா எது சரி?

நம்ம கடல் ஒரே மாதிரி இருக்கிறதில்ல. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, அடையாறும் கூவமும் கொசஸ்தலையும் கொண்டு வந்து கொட்டுற தண்ணி, கலங்கல், அலை. மத்த மாசத்துலயும் இன்னைக்கு நல்லா தெரியுதுன்னு போனா நாளைக்கு கை நீட்டினா விரல் மங்கலா தெரியும். இந்த மாதிரி கடல்ல ரெண்டு விஷயம் முக்கியம்: மண்ணைக் கிளப்பாம நீந்துறது, பட்டி கண்ணுல படுறது. ரெண்டாவதுக்கு ஒரு சுலபமான வழி, மஞ்சளோ ஆரஞ்சோ நல்லா பளிச்சுனு இருக்கிற ஃபின்ஸா வாங்குங்க. கறுப்பு ஃபின்ஸ் அழகா இருக்கும், ஆனா நம்ம தண்ணில காணாமப் போயிடும்.

இன்னொரு தப்பு, யூடியூப்ல டெக்னிக்கல் டைவர்ஸைப் பாத்துட்டு கனமான ரப்பர் ஜெட் ஃபின்ஸ் வாங்குறது. அவங்க குளிர்ந்த தண்ணில, தண்ணி உள்ள வராத டிரைசூட் போடுறவங்க, அந்த சூட்டுக்குள்ள காத்து காலுக்குப் போய் கால் மேல தூக்கும், அதைக் கீழ இழுக்கத்தான் அந்தக் கனம். நம்ம கடல் தண்ணி பெரும்பாலும் 26-ல இருந்து 30 டிகிரி வரைக்கும் இருக்கும், நாம போடுறது ஒரு ரேஷ்கார்டோ 3 மில்லிமீட்டர் வெட்சூட்டோதான். அதோட அந்த ரப்பரை மாட்டினா கால் தொங்கிப் போய், உடம்பு சாஞ்சு, ஃபின்ஸ் நுனி தரையை உழுதுக்கிட்டே போகும். ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா தூக்கிப் போட வேணாம், பெல்ட்ல இருக்கிற எடைல ஒண்ணு ரெண்டை சிலிண்டர் பட்டைக்கு மேல மாத்திப் பாருங்க, ஓரளவு சமன் ஆகும்.

ஒரே ஒரு ஜோடிதான் வாங்குவேன்னு சொன்னா, நடுத்தர விறைப்புள்ள, லேசான, குதிகால் திறந்து ஸ்ட்ராப் போட்டு மாட்டுற ஓப்பன் ஹீல் பேடில் ஃபின்ஸ், பளிச் கலர்ல. முட்டி பிரச்சனை இருந்தா மட்டும் ஸ்பிலிட். இது என் கருத்து, வேற டைவர் வேற சொல்லலாம்.

அளவு எப்படிப் பாக்குறது? ஷூ சைஸ் போதுமா?

போதாது. நாம வீட்டுக்குள்ள வெறுங்கால், வெளிய செருப்புனு வளர்ந்தவங்க, நிறைய பேருக்கு முன் பாதம் அகலம், விரல் விரிஞ்சு இருக்கும். வெளிநாட்டு அச்சுல வர்ற ஃபுட் பாக்கெட், அதாவது பாதம் நுழையுற பகுதி, நீளம் சரியா இருந்தாலும் சுண்டு விரல் பக்கம் நெருக்கும், இருபது நிமிஷத்துல பாதம் மரத்துப் போகும், அப்புறம் கால் இழுத்துப் பிடிக்கும். பிளேடு எவ்ளோ அற்புதமா இருந்தாலும் பாக்கெட் சரியில்லைனா அது உங்களுக்கான ஃபின்ஸ் இல்ல, இதை நான் எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன். கடைக்குப் போறப்போ உங்க பூட்டீஸை (ஃபின்ஸுக்குள்ள போடுற டைவிங் காலணி) எடுத்துட்டுப் போய் அதோட மாட்டிப் பாருங்க, உக்காந்த இடத்துலயே பத்து நிமிஷம் மாட்டியபடி இருங்க, குதிகாலை ஆட்டினா பாதம் உள்ள வழுக்கக் கூடாது, விரலை அசைக்கவும் முடியணும். சாயங்காலமா போனா இன்னும் நல்லது, அப்போதான் கால் லேசா வீங்கி இருக்கும்.

இந்த ஃபின்ஸெல்லாம் போட்டா காத்து மிச்சமாகுமா?

கொஞ்சம் ஆகலாம். ஆனா எடை சரியா போடுறது, உடம்பு கிடைமட்டமா இருக்கிறது, அவசரப்படாம நீந்துறது, இதுல மிச்சமாகுற காத்துக்கு முன்னாடி ஃபின்ஸ்ல மிச்சமாகுறது ரொம்ப சின்னது. முதல்ல அதை சரி பண்ணுங்க.

புதுசா வாங்கினதும் நேரா கடலுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

தயவுசெஞ்சு வேணாம். குளத்துல முதல்ல போட்டுப் பாருங்க, ஃபின்ஸுக்கு அனுமதி உண்டானு முன்னாடியே கேட்டுக்கோங்க, நிறைய குளத்துல விட மாட்டாங்க, டைவ் சென்டர் பயிற்சி நேரத்துல சேந்துக்கிறது சுலபம். நாலு விஷயம் பண்ணிப் பாருங்க: நேரா நீந்துறது, இருந்த இடத்துல திரும்புறது, மல்லாக்கப் படுத்து மேற்பரப்புல நீந்துறது, அப்புறம் பட்டியை இழுத்துக்கிட்டுப் போறது. கடைசியா சொன்னதை யாரும் பண்ணிப் பாக்கிறதில்ல, ஆனா ஒரு ஆபத்துனு வந்தா அதுதான் தேவைப்படும். வளைஞ்சு குடுக்கிற ஃபின்ஸ்ல முழு கியரோட ஒரு ஆளை இழுக்கிறது எப்படி இருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

கால் இழுத்துப் பிடிச்சா என்ன பண்ணணும்னும் அங்கயே பழகுங்க. சாதாரண ஃபின்ஸ்னா நுனியைப் பிடிச்சு தன் பக்கம் இழுத்தா கெண்டைக்கால் நீளும். ஸ்பிலிட்ல ரெண்டு நுனியையும் சேத்துப் பிடிக்கணும், ஒண்ணை மட்டும் இழுத்தா முறுக்கிக்கும். குட்டை ஃபின்ஸ்ல குனிஞ்சு எட்டணும், எட்டலைனா பட்டிகிட்ட பாதத்தை மேல் பக்கமா தள்ளச் சொல்லுங்க.

கரையில இருந்து இறங்குறப்போ?

நம்ம கரையில அலை உடையுற இடத்துல ஃபின்ஸ் போட்டுக்கிட்டு முன்னாடி நடந்தா அலை தள்ளிடும். ஒண்ணு இடுப்பளவு தண்ணி வரைக்கும் கையில பிடிச்சுட்டுப் போய் பட்டி தோளைப் பிடிச்சு மாட்டுங்க, இல்லைனா கரையிலயே மாட்டிக்கிட்டு பின்பக்கமா காலைத் தேச்சுத் தேச்சு நடங்க, திரும்பித் திரும்பி அலையைப் பாத்துக்கிட்டே. முழங்காலை மடக்கி நிக்கணும். மீன்பிடிப் படகுல இருந்து இறங்குறப்போ பின்னாடி சாயுறதுதான் வழக்கம், அதுக்கு எந்த ஃபின்ஸும் ஒத்து வரும்.

அந்தமான் போறப்போ லக்கேஜ்?

உள்நாட்டு விமானத்துல பொதுவா 15 கிலோதான். கனமான ரப்பர் ஜோடி பெரிய சைஸ்ல 3 கிலோ கிட்ட வரும், அதுலயே அஞ்சுல ஒரு பங்கு போயிடும். அங்கதான் குட்டை ஃபின்ஸும் வெறுங்காலுக்கு மாட்டுற லேசான ஃபின்ஸும் ஜெயிக்கும், பூட்டீஸ் எடையும் மிச்சம்.

பழசு வாங்குறப்போ என்ன பாக்கணும், எப்படிப் பாதுகாக்குறது?

ஸ்பிலிட்னா பிளவு ஆரம்பிக்கிற அடிப்பகுதியை விரலால விரிச்சுப் பாருங்க, மயிரிழை விரிசல் இருந்தாலும் வேணாம், அது அங்க இருந்துதான் கிழியும். கீல் வகைனா மடங்குற இடத்தை முன்னயும் பின்னயும் வளைச்சு வெள்ளைக் கோடு விழுதானு பாருங்க. ரப்பர் ஸ்ட்ராப்பை இழுத்தா குட்டி குட்டி வெடிப்பு தெரியும், அது மாத்தக்கூடிய விஷயம்தான், முடிஞ்சா ஸ்பிரிங் ஸ்ட்ராப் போட்டுடுங்க, நம்ம வெயிலுக்கு ரப்பர் ஸ்ட்ராப் ரொம்ப நாள் தாங்காது.

கார் டிக்கில விட்டுட்டு ஆபீஸ் போயிடாதீங்க. ஈ.சி.ஆர்.ல மே மாசம் நிறுத்தின வண்டிக்குள்ள ஒரு மத்தியானம் போதும், பிளேடு வளைஞ்ச மாதிரியே நின்னுடும். நல்ல தண்ணில ஊற வெச்சு, பக்கிள்ல இருக்கிற மண்ணை பழைய டூத் பிரஷால தேச்சு, நிழல்ல காய வைங்க. சுவத்துல நுனி ஊனி நிக்க வைக்காம தட்டையா படுக்க வைங்க, வாங்குறப்போ ஃபுட் பாக்கெட்டுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் அச்சு வெச்சுக் குடுப்பாங்கல்ல, அதைக் குப்பைல போட்டுடாம திரும்ப உள்ளயே வெச்சு எடுத்து வைங்க.